கேட்டதற்கு மட்டும் பதில்

குளோஸ்டர்ஷயர், இங்கிலாந்து
12 மார்ச் 1978

அன்பு அக்கா நோரீன்,

நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. ஒன்று முழங்கால்வரை வருகிறது, மற்றது பாதியிலேயே நின்றுவிடுகிறது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே பின்னியிருப்பாய். ஆனாலும் இரண்டையும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், இங்கே குளிர் அப்படி.

மிஸஸ் டார்ன்லியின் லாயத்தில் எனக்குச் சம்பளம் கிடையாது, சவாரிப் பயிற்சிதான் கூலி என்று உனக்குத் தெரியும். அந்தக் கூலி கைக்கு வருவதற்குள் சாணி வாரி, வைக்கோல் பரப்பி, பத்துக் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, முதுகு ஒடிந்துவிடுகிறது. பெரிய வீட்டுப் பெண்கள் வெயில் ஏறிய பிறகு வந்து, நான் சேணம் பூட்டி வைத்த குதிரைமேல் ஏறிக்கொள்கிறார்கள். காரொலைன் என்று ஒருத்தி நேற்று எல்லார் முன்னாலும், "உங்க அயர்லாந்துல பன்னியும் ஆளுங்களும் ஒரே ரூம்லதான் தூங்குவாங்களாமே?" என்றாள். "ஆமா, ஆனா பன்னி சம்மதிக்கணும். உன்ன மாதிரி ஆளுன்னா சம்மதிக்காது" என்றேன். மிஸஸ் டார்ன்லியே சிரித்துவிட்டார்.

இப்போது கெட்ட செய்தி. நம் குதிரை ஸ்லானி நொண்டுகிறாள். போன மாதம் மூன்று நாள் போட்டியில் நடையழகு, காட்டுத் தடைகள், மைதானத் தாண்டல் எல்லாவற்றையும் ஒரு பிழை இல்லாமல் முடித்தவள், இப்போது கெட்டித் தரையில் முன் வலது காலை ஊன்ற யோசிக்கிறாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். குளம்புக்குள் பின்பக்கமாக இருக்கும் சின்ன எலும்பு அரித்துவிட்டதாம், இனித் தாண்டவே கூடாதாம். மிஸஸ் டார்ன்லி சுற்றி வளைக்காமல் சொன்னார்: "குதிரை இருந்தா நீ இங்க சவாரிக்காரி. இல்லைன்னா நீ வெறும் வேலைக்காரி. யோசிச்சுக்கோ."

அக்கா, நான் வேலைக்காரியாகத் திரும்பி வரமாட்டேன். ஸ்லானிக்கு ஏதாவது வழி உண்டா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்.

காலுறை நனைந்துபோன
உன் மேவ்


கில்லாரா, கால்வே, அயர்லாந்து
20 மார்ச் 1978

அடியே மேவ்,

காலுறையைக் குறை சொல்லும் வாய்க்கு இனிமேல் நூல் கண்டுதான் அனுப்புவேன், நீயே பின்னிக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வாயில் இருக்க, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நரம்ப வெட்டிடலாம்" என்றார். "குதிகாலுக்கு மேல ரெண்டு கீறல். வலி போச்சு, நொண்டலும் போச்சு. முடி வளந்துட்டா எவன் பாத்தாலும் தெரியாது." நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அந்தப் பக்கம் உணர்வே இல்லாமல் போகும் குதிரைக்கு, எதன்மேல் காலை வைக்கிறோம் என்று எப்படித் தெரியும்? நரம்பு வெட்டிய குதிரையைப் போட்டியில் விடக்கூடாது என்று விதியே இருக்கிறது, அது அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ஆனால் ஸ்லானி வலியோடு நிற்பதையும் என்னால் நினைக்க முடியவில்லை. அவள் பிறந்தபோது மூக்கில் வைக்கோல் விட்டுத் தும்ம வைத்து மூச்சு வரவழைத்தவள் நான். அதனால் இப்படிச் செய்வோம். அவளை இங்கே கூட்டி வா. வெட்டட்டும். பிறகு அவள் என் வயலில் மேயட்டும், குட்டி போடட்டும். யாரும் அவளை இனி ஒரு தடையைக்கூடத் தாண்ட வைக்கக் கூடாது. இதற்கு நீ சத்தியம் செய்தால்தான் அவள் தலையை நான் பிடித்துக்கொள்வேன்.

மழை விடவில்லை. உனக்காக ஜெபமாலை சொல்கிறேன், கோபம் இருந்தாலும்.

அக்கா
நோரீன்


கில்லாரா
2 ஜூலை 1978

மேவ்,

நீ ஊருக்கு வந்துபோய் இத்தனை நாளாகியும் எழுதக் கூடாது என்று இருந்தேன். வீம்பு அதற்குமேல் தாங்கவில்லை.

நான் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து ஸ்லானியை வண்டியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டாய். அப்பா கூடமாட இருந்து ஏற்றிவிட்டிருக்கிறார். "ரோட்டுல நடத்த மட்டும்தான் கூட்டிட்டுப் போறா" என்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஐம்பது வருஷம் குதிரை விற்ற முகம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெட்டின காயம் ஆறியபிறகு, நீ குளிக்கப் போயிருந்த நேரம், நான் அவள் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, பின்னல் ஊசியால் அந்தக் குதிகாலைக் குத்திப் பார்த்தேன். முதலில் மெதுவாக, அப்புறம் அழுத்தி. ரத்தம் துளிர்த்தது. அவள் பாட்டுக்கு வைக்கோலை மென்றுகொண்டு நின்றாள்.

நீ சத்தியம் செய்தாய். அதை ஞாபகப்படுத்தத்தான் எழுதுகிறேன்.

நோரீன்


குளோஸ்டர்ஷயர்
24 செப்டம்பர் 1978

என் செல்ல அக்கா,

கோபம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி, நல்ல செய்தி.

பக்கத்து எஸ்டேட்டில் ஆஷ்கோம் என்று ஒரு பெரிய மனிதர். அவரிடம் கூரியர் என்று ஒரு குதிரை. அதை நீ பார்க்க வேண்டும், கோயில் கதவு மாதிரி மார்பு. ஓட்ட ஆள் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவருடைய மகள் பிப்பாவுக்குப் பதினைந்து வயது, சாதுவான குதிரை ஒன்று தேடினார்கள். அவள் ஸ்லானியைப் பார்த்த நிமிஷத்திலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கொடுத்துவிட்டேன், அக்கா. அந்தச் சந்தோஷத்தில் ஆஷ்கோம் கூரியரை என் கையில் கொடுத்தார். "என் பொண்ணுக்கு நீ ஒரு குதிரை குடுத்த, உனக்கு நான் ஒண்ணு தரேன்" என்றார். இனி நான் இங்கே யாருக்கும் சேணம் பூட்ட வேண்டாம்.

நம் ஊர் வழக்கப்படி வாங்கினவள் கையில் அதிர்ஷ்டக் காசு வைத்தேன், வெள்ளி ஷில்லிங். இங்கே அந்த வழக்கமே தெரியாது, பிப்பாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. பேரம் முடிந்ததற்கு அடையாளமாக உள்ளங்கையில் துப்பிக் கையடிக்கவும் சொல்லிக் கொடுத்தேன்.

நீ என்ன கேட்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய டாக்டர் கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு நொண்டல் இல்லை. ஆஷ்கோம் என்னிடம், "உன்கிட்ட எப்பவாவது விழுந்திருக்காளா?" என்று கேட்டார். இல்லை என்றேன், அது உண்மை. "உதைப்பாளா, கடிப்பாளா?" இல்லை, அதுவும் உண்மை. வேறொன்றும் அவர் கேட்கவில்லை. பிப்பா பூந்தோட்டத்தைச் சுற்றித்தான் வருவாள், அதற்குமேல் அவளுக்குத் தைரியம் கிடையாது.

முத்தங்களுடன்
மேவ்


கில்லாரா
8 அக்டோபர் 1978

மேவ்,

நீ அப்படியே அப்பா. அவர் பல்லும் அவர் காதும் மட்டும்தான் உனக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மைலி கீன் ஞாபகம் இருக்கிறதா? அப்பாவிடம் வெள்ளைக் குதிரை வாங்கியவர். அதற்கு ஒரு கண் தெரியாது. அதிலிருந்து விழுந்து அவர் தோள் உடைந்து கிடந்தபோது நான் அப்பாவிடம் கத்தினேன். "அவன் கண்ணப் பத்திக் கேட்டானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்றவன் இல்ல" என்றார். நீயும் அப்போது அடுப்படியில்தான் நின்றாய், உன் முகமும் கறுத்துத்தான் போனது. கீன் வீட்டார் இன்றைக்கும் பூசையில் நமக்கு முன் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் நற்கருணை வாங்கப் போகிறேன்.

அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொல். "வயல்ல மேய விடுங்க, ஏறாதீங்க" என்று ஒரு வரி போதும். குதிரையைத் திருப்பிக் கொடுத்தால் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

நோரீன்


குளோஸ்டர்ஷயர்
6 மே 1979

அன்பு அக்கா,

குளிர்காலம் முழுக்க நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் வீம்பு பெரிது என்று பார்த்துவிட்டோம். நீ ஜெயித்தாய், வைத்துக்கொள்.

கூரியரோடு மூன்று போட்டி, மூன்றிலும் முதலிடம். காரொலைன் இப்போது என் பூட்ஸைத் துடைத்துத் தரட்டுமா என்கிறாள், நிஜமாக! அயர்லாந்துத் தேர்வாளர்கள் வந்து பார்த்தார்கள். செப்டம்பரில் சாம்பியன் பட்டப் போட்டி, அதில் நன்றாகச் செய்தால் அணியில் இடம். நம் நாட்டுப் பச்சைக் கோட்டு போடுவேன் அக்கா. அம்மா இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள்.

புகைப்படம் ஒன்று வைத்திருக்கிறேன். கூரியர் காதைப் பார், கத்தி மாதிரி நிற்கிறது. அப்பாவிடமும் காட்டு.

உன்
மேவ்


கில்லாரா
15 மே 1979

மேவ்,

அப்பா படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். "என் பொண்ணு" என்று தபால்காரரிடம் காட்டினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை, எனக்கும் நெஞ்சு நிறைந்தது. உன் கை எவ்வளவு அமைதியாக இருக்கிறது! இத்தனை கோபத்திலும் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அப்புறம் படத்தில் உனக்குப் பின்னால் பார்த்தேன். தூரத்தில், வேலி ஓரமாக, ஒரு சின்னப் பெண் ஒரு குதிரைமேல். அந்தக் குதிரை என் ஸ்லானி. அவள் நாலு காலும் தரையில் இல்லை. கீழே மரத்தடை.

பூந்தோட்டத்தைச் சுற்றி வருகிறாள் என்றாயே.

நீ சொல்லாவிட்டால் நான் ஆஷ்கோமுக்கு எழுதுவேன். பக்கத்து எஸ்டேட் என்று நீயே எழுதியிருக்கிறாய், விலாசத்துக்கு அது போதும்.

நோரீன்


குளோஸ்டர்ஷயர்
23 மே 1979

அக்கா, அக்கா,

எழுதிவிடாதே. உன் காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

பிப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது, நான் என்ன செய்ய? ஸ்லானி அவளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறாள். முன்பு யாரோடும் பேசாத பெண்ணாம், இப்போது வாய் ஓய்வதில்லை. "மேவ், நானும் ஒரு நாள் உங்கள மாதிரி வருவேனா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வருகிறாள். எனக்கு அவளைப் பிடிக்கும். நான் கல் இல்லை.

ஆனால் இப்போது சொன்னால் என்ன நடக்கும்? ஆஷ்கோம் என்னை அன்றைக்கே வெளியே தள்ளுவார். கூரியர் போய்விடும். வெட்டின குதிரையை விற்றவள் என்று தேர்வாளர்கள் காதுக்குப் போகும், அப்புறம் எந்த லாயத்திலும் எனக்குச் சாணி வாரக்கூட இடம் கிடைக்காது. செப்டம்பர்வரை பொறு. போட்டி முடிந்த மறுநாள் நானே சொல்கிறேன், அம்மா கல்லறைமேல் ஆணை. அதுவரை பிப்பா தாண்ட மாட்டாள். தரை காய்ந்துவிட்டது, தாண்டினால் கால் கெட்டுவிடும் என்று சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். நான் சொன்னால் கேட்பாள்.

இந்தக் கோடைகாலம் மட்டும். உன்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

மேவ்


கில்லாரா
1 ஜூன் 1979

மேவ்,

சரி. செப்டம்பர்வரை.

நீ பிறந்த அன்றைக்கு அம்மா உன்னை என் மடியில் வைத்தாள். அந்தக் கை இன்னும் உன்னைக் கீழே விட மறுக்கிறது. இது நல்லதற்கில்லை என்று தெரிந்தேதான் சரி என்கிறேன்.

பச்சைக் கோட்டுக்குள் போட்டுக்கொள்ள அந்தோணியார் பதக்கம் அனுப்புகிறேன். அந்தப் பெண்ணுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன், கொடு.

நோரீன்


குளோஸ்டர்ஷயர்
18 செப்டம்பர் 1979

அக்கா,

ஜெயித்துவிட்டேன். ரேடியோவில் கேட்டிருப்பாய். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை எழுதிய பிறகு அதை எழுதக் கை வராது.

ஆஷ்கோம் என்னோடு போட்டிக்கு வந்திருந்தார். இரண்டாம் நாள் காட்டுத் தடைகளில் கூரியர் ஒரு பிழை செய்யவில்லை, பட்டியலில் முதலில் நின்றோம். அவர் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்து, "மேவ் முதல்ல நிக்கிறாடா கண்ணு!" என்று பிப்பாவிடம் கத்தினார். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன்.

அந்தச் செய்தி கேட்ட சந்தோஷத்தில் பிப்பா ஸ்லானிக்குச் சேணம் பூட்டியிருக்கிறாள். மேவுக்காக ஒரு தடவை தாண்டுகிறேன் என்று லாயக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். தடுக்க நான் அங்கே இல்லை. வாய்க்கால் ஓரத்து வேலி. ஸ்லானி எழும்பும்போது முன்கால் கரைக்கல் விளிம்பில் பாதி பட்டு மடங்கியிருக்கிறது. வேறு எந்தக் குதிரையாக இருந்தாலும் காலை மாற்றி வைத்திருக்கும். இவள் அப்படியே எழும்பினாள். தலைகுப்புறப் புரண்டு அந்தப் பெண்மேல் விழுந்தாள்.

பிப்பா உயிரோடு இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. டாக்டர் போர்வையை விலக்கி உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தபோது, அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஆரம்பிச்சுட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டாளாம். மிஸஸ் ஆஷ்கோம் சொல்லி அழுதார். எனக்கு உன் பின்னல் ஊசி ஞாபகம் வந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். பிப்பா விழுந்தது மூன்றாம் நாள் காலையிலேயே எனக்குத் தெரியும். ஆஷ்கோம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் என் தோளைப் பிடித்து, "நீ ஏறு. பிப்பா அதத்தான் விரும்புவா" என்றார். ஏறினேன். ஒரு கம்புகூட விழவில்லை.

எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஸ்லானியை வாய்க்காலிலேயே சுட்டுவிட்டார்கள். அன்றைக்கே வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் காலை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எல்லாரும் கெட்ட நேரம் என்கிறார்கள். அணிப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. கூரியரை எனக்கே எழுதி வைக்கப்போவதாக ஆஷ்கோம் சொல்கிறார், பிப்பா கேட்டுக்கொண்டாளாம்.

மறுநாள் சொல்வேன் என்று ஆணையிட்டேன். போனேன், அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. இனிமேல் சொல்லி என்ன அக்கா? அந்தப் பெண்ணுக்குக் கால் வருமா? அவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும். உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும். என்மேல் இரக்கம் வை.

மேவ்


கில்லாரா
25 செப்டம்பர் 1979

மேவ்,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "யாராச்சும் எதாச்சும் கேட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று தேநீர்க் கோப்பையை நீட்டினார். நான் ஊற்றவில்லை. கோப்பை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தார், அப்புறம் கீழே வைத்துவிட்டு வயலுக்குப் போனார். திரும்பி வந்து சாப்பிடவும் இல்லை.

உன்னை மட்டும் திட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு வாய் இல்லை. வெட்டும்போது அவள் தலையைப் பிடித்தது நான். செப்டம்பர்வரை சரி என்று எழுதியதும் நான். அந்தப் பெண்ணுக்குப் பதக்கம் வேறு அனுப்பினேன், கடவுளே.

இனிச் சொல்லி என்ன என்று கேட்கிறாய். அந்தப் பெண் படுத்துக்கொண்டு, தான் என்ன தப்பாகச் சவாரி செய்தோம் என்று தினமும் யோசித்துக்கொண்டிருப்பாள். குதிரைக்கு எங்கே நேரம் தவறவிட்டோம், கடிவாளத்தை எங்கே இழுத்தோம் என்று. நீயும் நானும் விழுந்தபோதெல்லாம் அப்படித்தானே படுத்திருந்தோம்? அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். உன் லாயத்துக்கு வரவில்லை, ஸ்டேஷனுக்கு நீயும் வர வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நான் கரை இறங்கும்வரை உனக்கு நேரம் இருக்கிறது. எனக்கு முன்னால் நீ அங்கே போய்ச் சொல்லியிருந்தால், உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இல்லாவிட்டால், ஆஷ்கோம் என்னை யார் என்று கேட்பார், மேவின் அக்கா என்பேன். வேறொன்றும் கேட்க மாட்டார், நல்ல மனிதர் போலத் தெரிகிறது. அவர் கேட்காததையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உனக்கென்று ஒரு ஜோடி காலுறை பின்னி வைத்திருந்தேன், இந்தத் தடவை இரண்டும் ஒரே நீளம். அதை அந்தப் பெண்ணுக்குக் கொண்டுபோகிறேன். கால் சில்லிட்டாலும் அவளுக்குத் தெரியாது, யாராவது தொட்டுப் பார்த்துப் போட்டுவிட வேண்டும்.

நோரீன்